ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஆலைச் சங்கு நம்மை அழைக்காத நாள் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு நாளை எண்ணித்தான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டுகிறோம்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வெளியே வரும்போதே கால்களுக்கு ஒரு புதுத் தெம்பு வந்துவிடுகிறது. மறுநாள் வெயில் ஏறும்வரை தூக்கம். எழுந்தால் கறிக்கடை வரிசை. கையில் காசு இருந்தால் அரைக் கிலோ ஆட்டுக்கறி, இல்லையேல் கோழி, அதுவும் கட்டாவிட்டால் மத்தி மீன். பத்து மணிக்குத் தெருவெங்கும் மசாலா மணம். வயிறாரச் சாப்பாடு, பாயை விரித்து ஒரு தூக்கம், மாலையில் தொலைக்காட்சியில் ஒரு படம், அல்லது பிள்ளைகளோடு கடற்கரை. ஏழைபாழைக்கும் இதுதான் திருநாள்.

இவற்றைக் குறை சொல்ல நாம் பேனா எடுக்கவில்லை. ஓய்வும் இன்பமும் பங்களாவாசிகளுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா, என்ன? உழைத்தவன் உண்ணட்டும், உறங்கட்டும், சிரிக்கட்டும்!

அதுமட்டுமல்ல. இந்த ஞாயிறு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த பிச்சையும் அல்ல. 1884இல் பம்பாயில் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்று கேட்டார் நாராயண் மேகாஜி லோகண்டே. முதலாளிகள் காது கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு, ஆறு ஆண்டுகள் கழித்து 1890 ஜூன் 10ஆம் நாள்தான் ஞாயிறு விடுமுறைக்கு ஆலை முதலாளிகள் தலையசைத்தனர். வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. வாங்கியதைக் காப்பாற்றவும் போராட வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியதையும், தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்ததையும், மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற ஞாயிறு! அதனால்தான் இன்று ஒரு கேள்வி கேட்கிறோம். தோழர்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும். இந்த ஞாயிறு யாருக்கு?

கறி வாங்கிவந்து கொடுத்தோம். கழுவியது யார்? மசாலா அரைத்தது யார்? அடுப்படியில் வெந்தது கறி மட்டுந்தானா? நாம் உண்டு உறங்கியபோது சட்டி பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது யார்? ஆறு நாள் அழுக்கும் அந்த ஒரு நாளில்தானே துவைகல்லுக்கு வருகிறது! கிளைக் கூட்டம் என்று ஐந்தாறு தோழர்களை நாம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, முகம் கோணாமல் இரண்டு தடவை தேநீர் போட்டு அனுப்பியது யார்? அவளுக்கு எந்தச் சங்கு ஓய்வு கொடுத்தது? எந்தச் சட்டம் 48 மணி என்று கணக்கிட்டது? பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் நம்மைப் போலவே ஆறு நாள் நின்று வேலை செய்கிறாளே, அவளுக்கு ஏழாம் நாள் என்ன நாள்?

கணக்கு வேண்டுவோருக்குக் கணக்கும் உண்டு. நேரத்தை மக்கள் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019இல் மத்திய அரசே நாடெங்கும் ஓர் ஆய்வு நடத்திற்று. வீட்டு வேலையில் கைவைக்கும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அடடா, 97 நிமிடமா என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்! வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்த கணக்கு அது. நூறு ஆண்களில் அப்படிக் கைவைத்தவர் ஏறத்தாழ 26 பேர்தான். மற்ற 74 பேர்? துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றே அறியாதவர்கள். நாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் என்பதை நம் நெஞ்சு அறியும்.

இந்த இடத்தில்தான் ஒரு நாவல் நம் நினைவுக்கு வருகிறது. மாக்சிம் கார்க்கி 1906இல் எழுதி, நம் தொ.மு.சி. ரகுநாதன் அருமையாகத் தமிழாக்கித் தந்த 'தாய்'. மேடையில் அதன் பெயரைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. மே நாள் ஊர்வலம், செங்கொடி, நீதிமன்றத்தில் பாவெல் ஆற்றிய உரை - இவற்றை எடுத்துக்காட்டிக் கைதட்டல் பெறாதவர் யார்? ஆனால் அந்த நாவல் கொடியோடு தொடங்கவில்லை, தோழர்களே! ஓய்வுநாள் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

விடுமுறையன்று பத்து மணிவரை தூங்குவார்கள். எழுந்து கோயிலுக்குப் போய்வருவார்கள். உண்பார்கள், மறுபடி தூங்குவார்கள். மாலையில் குடி, குடித்தபின் சண்டை. அந்தச் சண்டையின் மிச்சம் வீட்டில் மனைவியின் முதுகில் வந்து விழும். ருஷ்ய நாட்டுக் கதைதான். ஆனால் படிக்கும்போது ஊரும் பெயரும் மறந்து, நம் தெருவின் ஏதோ ஒரு வீட்டுக் கதவு கண்முன் திறக்கவில்லையா?

அந்தக் குடியிருப்பில்தான் மிகயீல் விலாசவ் என்ற தொழிலாளி வாழ்ந்தான். முரடன், குடிகாரன். மனைவி பெலகேயா நீலவ்னாவை அடித்து அடித்தே காலத்தைக் கழித்தான். நோய்கண்டு இறந்தான். அவன் இறந்த இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் பாவெல் தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்குள் வருகிறான். அப்பனைப் போலவே மேசையைக் குத்திச் சோறு கேட்கிறான். தாய் திட்டவில்லை. அருகில் அமர்ந்து அவன் தலையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். உன் அப்பன் உனக்கும் சேர்த்துக் குடித்துவிட்டானே, என்மேல் நீயாவது இரங்கலாகாதா என்று கேட்கிறாள். கல்நெஞ்சையும் கரைக்கும் இடம் அது.

பாவெல் உடனே திருந்திவிட்டானா? இல்லை. ஊர் இளைஞர்களைப் போலவே பளபளப்பான டையும் கைத்தடியும் வாங்கினான். ஆர்மோனியப் பெட்டி ஒன்றும் வாங்கினான். ஞாயிறுதோறும் ஆட்டமும் குடியுமாகத் திரிந்தான். பிறகுதான் மெல்ல மெல்லப் புத்தகம் அவன் கைக்கு வந்தது. படித்தவன் முதலில் என்ன செய்தான்? மேடை ஏறினானா? கொடி பிடித்தானா? இல்லை! வீட்டைக் கூட்டினான். விடுமுறை நாட்களில் தன் படுக்கையைத் தானே சீர்செய்தான். தாயின் வேலைப்பளுவைத் தன்னால் ஆனமட்டும் குறைக்க முயன்றான். அந்தக் குடியிருப்பில் வேறு எந்த ஆண்மகனும் இதைச் செய்ததில்லை என்று கார்க்கி ஒரு வரி எழுதுகிறார். நாம் பலமுறை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறோம். ஊர்வலம் எப்போது வரும் என்ற அவசரம் நமக்கு!

பிறகு ஒருநாள் மகன் தாயிடம் அவளுடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறான். நீ என்ன இன்பம் கண்டாய், நினைத்துப் பார்க்க உனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்கிறான். அவள் அழுகிறாள். அவளைப் பற்றி அவளிடமே ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை! சனிக்கிழமைகளில் தோழர்கள் அந்த வீட்டில் கூடத் தொடங்குகிறார்கள். நதாஷா உரக்கப் படிக்கிறாள். தாய் பயந்து பயந்து ஓரத்தில் இருந்து கேட்கிறாள். நாற்பது வயதில், கண்ணீரும் வெட்கமுமாக, அந்திரேயிடம் எழுத்துக் கற்கிறாள்.

அந்தத் தாய்தான் மகன் சிறை சென்றபின், சோற்றுக்கூடை சுமப்பவளாக ஆலைக்குள் நுழைந்து, உடைக்குள் மறைத்துத் துண்டறிக்கைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அந்தத் தாய்தான் கடைசியில், மகனின் நீதிமன்ற உரையை அச்சிட்ட தாள்கள் நிறைந்த பெட்டியோடு ரயில் நிலையத்தில் பிடிபட்டபோது, போலீஸ்காரன் கழுத்தை நெரிக்கும்வரை மக்களைப் பார்த்துப் பேசினாள். 1902இல் சோர்மவோ ஆலைத் தொழிலாளர் நடத்திய மே நாள் ஊர்வலமும், அதில் கொடி ஏந்திச் சென்ற பியோத்தர் ஸலோமவும், அவர் தாய் அன்னாவும் இந்தக் கதைக்கு மூலமாக இருந்தவர்கள். வெறும் கற்பனை என்று இதைத் தள்ள முடியாது.

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, துடைப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். நாம் கேட்கிறோம்: அந்த வீட்டை மகன் ஒருநாளும் கூட்டாமல் இருந்திருந்தால், தாயின் கைக்குப் புத்தகம் வந்திருக்குமா? கை ஓயாதவளுக்கு எழுத்து ஏது? எழுத்தும் பேச்சும் இல்லாதவளிடம் துண்டறிக்கை ஏது? நம் கூட்டங்களுக்குப் பெண்கள் வரவில்லையே என்று ஆண்டறிக்கைதோறும் வருத்தம் தெரிவிக்கிறோம். எப்படி வருவார்கள்? கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் நம் சட்டையைத் துவைத்துக்கொண்டல்லவா இருக்கிறார்கள்!

ஆலையில் உழைப்பைச் சுரண்டுவது தவறு என்று முழங்கும் நாவு, வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணி கொண்டா என்று அதட்டுமானால், அந்த முழக்கத்தை முதலில் நம்ப மறுப்பவள் நம் மனைவிதான். அவள் நம்பாததை நாடு எப்படி நம்பும்? இதை ஊருக்குச் சொல்லும் உபதேசமாக எழுதவில்லை. இதை எழுதுகிற நாமும் அந்த 74 பேரில் நெடுநாள் இருந்தவர்கள்தாம்.

ஆகவே, வருகிற ஞாயிறு ஒன்று செய்து பார்ப்போம். கறி வாங்கி வருவதோடு நிற்காமல், கழுவி நறுக்கியும் கொடுப்போம். சாப்பிட்ட தட்டுகளை நாமும் பிள்ளைகளுமாகத் தேய்ப்போம். ஆண்பிள்ளைகளும்தான்! செல்போனை மூலையில் வைத்துவிட்டு, படிப்பகத்தில் இருந்து 'தாய்' நாவலை எடுத்துவந்து, வீட்டார் எல்லாரும் சுற்றி இருக்க, ஓர் அத்தியாயம் உரக்கப் படிப்போம். அம்மாவும் அக்காளும் மனைவியும் மகளும் அன்றொரு நாளாவது கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு வாரத்திற்கு ஓர் அத்தியாயம் போதும். அடுத்த வாரம் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து, நாம் கேட்போம்.

படித்து முடித்தபின், பாவெல் தன் தாயிடம் கேட்டானே, அந்தக் கேள்வியை நாமும் கேட்போம். பதில் உடனே வராது. எத்தனையோ ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அல்லவா? காத்திருப்போம்.

லோகண்டே காலத்துத் தொழிலாளர் ஆறு ஆண்டுகள் போராடி ஞாயிறை ஆலை வாசல்வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அடுப்படிவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. அதற்கு ஊர்வலம் வேண்டாம், மனு வேண்டாம். மூலையில் இருக்கும் துடைப்பத்தை எடுத்தால் போதும்.