பாகம் இரண்டு, பிணம் இரண்டாயிரம்

இரண்டாம் பாகம் என்றாலே நம் சினிமாக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் பாகத்தில் வில்லன் ஒருத்தன் என்றால் இரண்டாவதில் மூன்று பேர். அங்கே பைக் என்றால் இங்கே ஹெலிகாப்டர். அங்கே ஊட்டி என்றால் இங்கே உக்ரைன். செலவு ஏறியிருக்கிறது, ஆகவே படமும் ஏறியிருக்கும் என்று தயாரிப்பாளர் நம்புகிறார். டிக்கெட் விலையும் ஏறியிருப்பதால் நீங்களும் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மற்ற படங்களில் இந்தக் கணக்கு பாதி தப்பு. ஜாம்பி படங்களில் முழுத் தப்பு.

நம்மூர் உதாரணத்துக்கே வருவோம். 2016 பிப்ரவரியில் வந்தது 'மிருதன்'. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம். ஜெயம் ரவி (இப்போது ரவி மோகன்) ஊட்டியில் டிராஃபிக் போலீஸ், லட்சுமி மேனன் டாக்டர். ரசாயனக் கழிவு கசிகிறது. அதைக் குடித்த நாய் ஒருவரைக் கடிக்க, அவர் இன்னொருவரைக் கடிக்க, மலை முழுக்க மிருதர்கள். மருந்து கண்டுபிடிக்கக் கோயமுத்தூருக்கு இறங்கி ஓடவேண்டும். தமிழின் முதல் ஜாம்பி படம் என்று சொல்லிக்கொண்டு வந்த படம், சென்னையை விட்டுவிட்டு நீலகிரியையும் கோவையையும் பிடித்ததே பெரிய விஷயம். முடிவில் ஹீரோவே மிருதனாகிவிடுகிறான். இரண்டாம் பாகத்துக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படம் முடிகிறது.

அன்றிலிருந்து 'மிருதன் 2' பற்றிய பேச்சு கிளம்பும்போதெல்லாம் ரசிகர்கள் சொல்வது ஒன்றுதான். "ஏனுங்க, முதல் படத்துல காசு பத்தலீங்க. ரெண்டாவதுல பெருசா பண்ணுனா ஹாலிவுட் தோத்துப்போயிருமுங்க!"

தோற்காது. பெரிதாகப் பண்ணியவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

அதே 2016-ல் கொரியாவிலிருந்து 'ட்ரெய்ன் டு பூசான்' வந்தது. யோன் சாங்-ஹோ இயக்கியது. ஒரு ரயில், ஒரு அப்பா, ஒரு சின்னப் பெண். அப்பா பணத்தைக் கட்டி ஆளுகிற நிதி மேலாளர். அடுத்தவனைப் பற்றி நமக்கென்ன என்று மகளுக்கே பாடம் நடத்துகிற ஜாதி. அந்த ஆசாமி ரயில் போகப்போக மனுஷனாகிறார். அதே ரயிலில் உயிரோடு இருக்கும் சிலர், நோய் தொற்றாதவர்களைக்கூட உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிறார்கள். கடித்தவனைவிடக் கதவைச் சாத்தியவன் மேல்தான் நமக்குக் கோபம் வருகிறது. கடைசியில் சுரங்கப்பாதை இருட்டில் ராணுவம் துப்பாக்கியைக் குறிவைக்க, அந்தச் சிறுமியின் பாட்டு கேட்கிறது. ஜாம்பி பாடாது. சுடாமல் விடுகிறார்கள். மொத்தப் படமும் அந்தக் குரலில் நிற்கிறது.

நான்கு வருஷம் கழித்து, 2020-ல், அதே இயக்குநர் 'பெனின்சுலா' எடுத்தார். ரயிலுக்குப் பதில் ஒரு நாடே சுடுகாடு. பணம் நிரம்பிய ஒரு லாரி. அதை எடுத்துவரப் போகும் முன்னாள் ராணுவ வீரன். ராத்திரி முழுக்க கார் ரேஸ். ஜாம்பிகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன, காருக்கு அடியில் போகின்றன. ஸ்பீட் பிரேக்கருக்கு நாம் எவ்வளவு துக்கப்படுவோமோ, அவ்வளவு துக்கம்தான் அவற்றுக்கும். படம் பெரிசு, பயம் சிறிசு.

அப்படியானால் எந்த இரண்டாம் பாகமும் உருப்படாதா? உருப்படும். ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது ஒரு வீட்டுக்குள் சிலரை அடைத்தார். பத்து வருஷம் கழித்து 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் ஆட்களைக் கொண்டுபோய் ஒரு ஷாப்பிங் மாலில் விட்டார். செத்தவர்கள் உயிரோடிருந்த நாளின் பழக்கதோஷத்தில் மாலுக்கே திரும்பித் திரும்பி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த மாலிலாவது எஸ்கலேட்டர் பக்கம் நின்று பாருங்கள், ரொமேரோ என்ன சொன்னார் என்று புரியும். முதல் படத்தில் இல்லாத ஒரு கேள்வியை இரண்டாவது கேட்டது. அதனால் ஜெயித்தது. 2007-ல் வந்த '28 வீக்ஸ் லேட்டர்' படத்தில் இன்றைக்கும் பேசப்படுவது குண்டுவீச்சு அல்ல. மனைவியை விட்டுவிட்டுப் புருஷன் ஓடும் ஆரம்பக் காட்சி.

ஆக, 'மிருதன்' தொடரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஹெலிகாப்டரைத் தேட வேண்டாம். கேள்வியைத் தேடட்டும். கொங்கு மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை.

முதல் கேள்வி, நாய். நாய்க்கடியில் தொடங்கும் நோய், தண்ணீரைக் கண்டால் பயம். இந்தப் படத்தின் ஜாம்பிக்கு மூலம் அமெரிக்கா அல்ல, நம் வெறிநாய்க்கடி. அதற்குத் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-லிருந்து குன்னூரில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில்! நூறு வருஷக் கதை ரோட்டோரத்தில் காத்திருக்கிறது. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கலாமே?

இரண்டாவது, கழிவு. படத்தில் கழிவு கதையைத் தொடங்கி வைப்பதோடு சரி, அதன்பிறகு துப்பாக்கி பேசுகிறது. கழிவுநீர் என்றால் என்ன என்று நொய்யல் கரைக்காரர்களைக் கேளுங்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவின் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. பட்டறை ஓடினால் விவசாயிக்கு நஷ்டம், மூடினால் தொழிலாளிக்குப் பட்டினி. இதற்கு முன்னால் எந்த ஜாம்பியும் பச்சைக்குழந்தை.

மூன்றாவதுதான் முக்கியம். 2016-ல் 'மிருதன்' பார்த்தவர்களுக்குத் தொற்று என்பது வேடிக்கை. இன்றைக்கு அப்படியில்லை. 2021 மே மாதக் கடைசியில், தினசரித் தொற்றில் சென்னையையே முந்தியது கோவை. முதலமைச்சர் ஸ்டாலின் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனது அப்போதுதான். அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். நோய் வந்தவன் வீட்டுக்குத் தகரம் அடித்தோம். போன் பண்ணி விசாரித்தவர்கள் உண்டு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. கொரிய ரயிலின் அந்தக் கதவு நம் தெருவிலேயே இருந்தது.

இதெல்லாம் நடந்த பிறகும், "நோய் வந்துவிட்டதா? தலையில் சுடு, பாயின்ட் ஏறும்" என்று வீடியோ கேம் மாதிரி ஒரு படம் எடுத்து இதே ஊர்க்காரர்களிடம் காசு கேட்பது எனக்கு வெறும் ரசனைக் குறைவாகத் தெரியவில்லை. இரக்கக் குறைவாகத் தெரிகிறது.

"ஆக்‌ஷன் படம்தானே சார், இவ்வளவு யோசிக்கணுமா?" என்பீர்கள். யோசிக்க வேண்டாம், ஞாபகம் வைத்திருந்தால் போதும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் கோவையைத் திரும்பத் திரும்ப உலுக்கியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பிளேக் மாரியம்மன் என்று கோயிலே கட்டிக் கும்பிட்டார்கள். இன்றும் அந்தக் கோயில்கள் இருக்கின்றன. அது நம்பிக்கையோ மூடநம்பிக்கையோ, அந்தத் தகராறு வேறு. தங்களைக் கொன்ற நோயின் பெயரையே சாமியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, நடந்ததை மறக்காமல் இருந்த ஊர் அது. அந்த ஊரை வெறும் செட்டாக, மிருதர்கள் விழுந்து சாகிற தார் ரோடாக மட்டும் பார்க்கலாமா?

இரண்டாம் பாகம் முதல் பாகத்தை ஜெயிக்க வழி முதல் பாகத்திலேயே இருக்கிறது. ஹீரோ இப்போது மிருதன். தங்கை உயிரோடு இருக்கிறாள், காதலித்தவள் இருக்கிறாள். அவனைச் சுடுவதா, கட்டிப்போட்டுக் காப்பாற்றுவதா, எத்தனை நாள், யார் சோறு வைப்பது? நோயாளி எதிரியா, நம்ம வீட்டு ஆளா? இந்த ஒரு கேள்வியைத் தைரியமாகக் கேட்டால் கிராஃபிக்ஸ் செலவில் பாதி மிச்சம்.

கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால்? தியேட்டரை விட்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் வண்டி எடுப்பதற்குள், செத்தவர்களில் ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால், மூன்றாம் பாகத்துக்கு முன்பதிவு செய்யாதீர்கள்.