அடுக்களைக்குச் சட்டம் இல்லையா?

லிங்கநகரிலிருந்து இதனை எழுதுகின்றோம். கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ளது மூதூர். அவ்வூரின் ஏழைப் பெண் ரிசானா நபீக், 2005ஆம் ஆண்டில், பதினேழே வயதில், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அவர் பராமரித்த பச்சிளங் குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. முதல் விசாரணையில் அவருக்கு நியாயவாதி இல்லை. தகுதியான மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே கண்ணீர் விட்டது. கண்ணீருக்குப் பின் அரசு செய்தது என்ன?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்மார் பணிப்பெண்களாகச் செல்லலாகாது என்று அவ்வாண்டிலேயே விதி செய்தது. 2022இல் டொலர் பஞ்சம் வந்ததும் அவ்வெல்லையை இரண்டு வயதாகக் குறைத்தது. தாயின் கடமை டொலரின் விலையோடு மாறுமோ? பணிப்பெண்ணைக் கட்டுப்படுத்த விதிகள் உண்டு. அவளைக் காக்கும் விதிகள் எங்கே?

வெளிநாட்டை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1871இல் ஆங்கிலேயர் வீட்டுப் பணியாளர் பதிவுச் சட்டம் செய்தனர். பணியாளரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிப்பதே அதன் நோக்கம். வேலை நேரத்துக்கு எல்லை வகுப்பதன்று. சுதந்திர இலங்கை 1958இல் ஊழியர் சேமலாப நிதியை நிறுவியபோதும் வீட்டுப் பணியாளருக்கு அதில் இடம் தரப்படவில்லை. குவைத்தோ 2015இல் சட்டம் இயற்றி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை எல்லையையும் வார விடுமுறையையும் எழுத்திலேனும் வழங்கிற்று. நம் வீட்டில் கொடாத உரிமையை அயலான் வீட்டில் எந்த முகத்துடன் கேட்பது?

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2011இல் 189ஆம் சமவாயத்தை நிறைவேற்றியது. கடல் கடக்குமுன் எழுத்திலான ஒப்பந்தம், வாரத்தில் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேர ஓய்வு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. பெருந்தொகையான பணிப்பெண்களை அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2012இலேயே அதனை ஏற்றது. இலங்கை பத்தாண்டு கழிந்த பின்னும் ஏற்றிலது.

அச்சமவாயத்தை ஏற்குமாறு அரசை வற்புறுத்துவோம். ஒப்பந்தம் தமிழிலும் எழுதப்பட வேண்டும். தான் கையொப்பமிடுவது யாதென அறியாதவளுக்கு ஒப்பந்தம் வெறுங் கடதாசியே. உழவர் பெருமக்களே, உங்கள் பெண்களை அனுப்புமுன் அதனைக் கேட்டு வாங்குங்கள். நியாயவாதிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, உங்கள் அடுக்களையில் வேலை செய்பவளுக்கு வார ஓய்வு உண்டா? சட்டம் வரும்வரை காத்திராது அதனை இன்றே வழங்குவோம். அதன் பின்னரே அயலானிடம் நீதி கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.