பாதியில் விட்டது யார்?

குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சை பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர், ‘சிகிச்சையைக் கைவிட்டோர்’. தொடர்ந்து நான்கு வாரங்களோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராத குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இவற்றைப் படிக்கத் தொடங்கியபோது, இதே குரலை முன்பே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கேட்டதுதான். சேரிப் பிள்ளையின் படிப்பு நின்றுபோனால் ‘இடைநின்ற மாணவர்’ என்று பதிவேட்டில் எழுதுவார்கள். நிறுத்தியது யார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதில் பெரும்பங்கு ஏ.எல்.எல். என்ற வகை. முழுச் சிகிச்சையும் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் இது 30 விழுக்காட்டுக்கும் கீழே கிடக்கிறது. இதற்கு அந்நிறுவனம் அடுக்கும் காரணங்களில் சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் ஒன்று. மருந்து இருந்தும், மருத்துவர் இருந்தும் ஒரு குழந்தை சாகிறது என்றால் அது மருத்துவத்தின் தோல்வி மட்டும்தானா?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்த அட்டை கட்டிலுக்கும் மருந்துக்கும்தான் பணம் கட்டும். ஏ.எல்.எல். சிகிச்சையோ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் சில மாதங்கள் குழந்தை மருத்துவமனையிலோ அதன் அருகிலோ இருந்தாக வேண்டும். பிறகு வீட்டில் தினமும் மாத்திரை, குறித்த தேதிகளில் இரத்தப் பரிசோதனை. பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் நடவுக்குப் போகிறவர், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் என்றால், போகாத நாளுக்குக் கூலி இல்லை. கட்டணமில்லாப் பேருந்து நகரப் பேருந்தோடு முடிந்துவிடுகிறது. மாவட்டம் தாண்டி வர, டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

டெல்டாவில் நான் சந்தித்த ஒரு தாய் சொன்னார்: “மருந்துக்கு ஒரு பைசா கேக்கல தம்பி. பஸ்ஸுக்கும் சோத்துக்கும்தான் கடன் வாங்குனோம்.” கடன் கொடுத்தவர், அவர் வேலை செய்யும் வயலின் சொந்தக்காரர். நடவுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, மருத்துவமனைத் தேதியைச் சொல்லி மறுக்கும் நிலையில் அவர் இல்லை. மகளுக்கு அப்போது முடி மறுபடி வளர்ந்திருந்தது. ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். நோய் போய்விட்டது போலத் தோன்றும் இந்தக் கட்டத்தில் மாத்திரை நின்றால்தான் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முன்பைவிடக் கடினம். ஏட்டில் அந்தக் குடும்பம் ‘கைவிட்டோர்’. நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் யாரிடம் இருக்கிறது என்பது அந்த ஏட்டில் வராது.

இந்தச் சிகிச்சையின் போது வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால், மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ஊருக்கு வெளியே, கடைசிப் பேருந்து போய்விட்ட காலனியிலிருந்து அந்த மருத்துவமனை எத்தனை மணி நேரம்? தட்டணுக்களும் குறையும். தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஐந்து நாள்கள் வரைதான் வைத்திருக்க முடியும் என்பதால் புதிது புதிதாகக் கொடையாளர்கள் தேவைப்படுகிறார்கள். “டோனரைக் கூட்டிட்டு வாங்க” என்று குடும்பத்திடமே சொல்லும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கையே சொல்கிறது. பழக்கம் இன்னும் போகவில்லை. நகரத்தில் சொந்தக்காரர், படித்த நண்பர், வாட்ஸ்அப் குழு எல்லாம் உள்ளவருக்கு அது நான்கு அழைப்புகளில் முடியும் வேலை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த இந்தத் தொடர்புகளும் ஒரு சொத்துதான். எல்லாச் சொத்தையும் போல அதுவும் சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது.

1943இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பி.பி.அடார்கரிடம் கொடுக்கப்பட்டது. அந்த வழியில் வந்த 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவத்தோடு இழந்த கூலியில் ஒரு பகுதியையும் உரிமையாக்கியது. வைத்தியம் பார்க்கிறவனுக்கு வயிறும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட காப்பீடு அது. ஆனால் வயல்கூலிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. எட்டியவர்களுக்கும், பிள்ளையின் நோய்க்காக வேலையை விட்டால் கூலி இல்லை.

செய்ய முடியாதது எதையும் நாம் கேட்கவில்லை. காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலம் முழுதும் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 2018இல் தொடங்கியது. 2024இல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. நோயாளியின் கணக்கில் நேரடியாகப் பணம் போட அரசுக்குத் தெரியும். புற்றுநோய், தலசீமியா, சிக்கில் செல் போன்ற நோய்களோடு போராடும் குழந்தையுடன் இருக்கும் பெற்றோரில் ஒருவருக்குச் சிகிச்சை முடியும்வரை குறைந்தபட்சக் கூலி வேண்டும். மருத்துவமனை அருகில் தங்க இடமும், துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் பேருந்துச் சலுகையும் வேண்டும். இரத்தம் தேடும் பொறுப்பு இரத்த வங்கியுடையதாக இருக்க வேண்டும். பரிசோதனைக்கும் காய்ச்சலுக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையே போதும் என்ற நிலையை உருவாக்க வேண்டும். இரத்த தான முகாம்களில் வரிசையில் நிற்கும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளையும் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு குழந்தை தேதி தவறினால் அடுத்த நாளே ஓர் அரசு ஊழியர் அந்தக் காலனிக்குப் போக வேண்டும். திட்டுவதற்காக அல்ல, என்ன தடுத்தது என்று கேட்பதற்காக. அந்தப் பதிலை எழுதிக்கொள்ளாத எந்த ஏட்டுக்கும் ‘கைவிட்டோர்’ என்று எழுத உரிமை இல்லை.