வீட்டில் படிக்கும் குழந்தைக்கு அரசுப் படிவத்தில் எந்தக் கட்டம்?

இந்தியாவில் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி செல்லுமா? இணையத்தில் தேடினால் 'செல்லும்', 'செல்லாது' என்று இரண்டு பதிலுமே கிடைக்கும். இரண்டுக்குமே சட்டத்தில் ஆதாரம் காட்டலாம் என்பதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ல் வந்த 86-வது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. கூடவே, குழந்தைக்குக் கல்வி வாய்ப்பு தருவது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்தது. கவனிங்க, அந்தக் கடமையில் 'கல்வி' என்றுதான் இருக்கிறது. 'பள்ளி' என்று இல்லை.

2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைச் சுருக்கியது. குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. சேர்க்காவிட்டால்? தண்டனை எதுவும் இல்லை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதே சட்டம், பெற்றோருக்கு ஒரு ரூபாய்கூட விதிக்கவில்லை.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தபோதும் இந்தக் குழப்பம் தீரவில்லை. விரும்பி வீட்டில் படிக்க வைப்பவர்களுக்குச் சட்டம் தடையாக இல்லை என்று 2012-ல் சொன்ன மத்திய அரசு, பிறகு அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. ஆக, ஹோம்ஸ்கூலிங் தண்டனைக்குரிய குற்றமும் இல்லை, எழுதித் தரப்பட்ட உரிமையும் இல்லை.

கொள்கையில் இருப்பது இரண்டே வாசல்

அரசு ஆவணங்களில் 'வீட்டில் கல்வி' என்ற பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, ஆனா வேறு பெயர்களில்.

முதல் வாசல், மாற்றுத்திறன். தீவிரமான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012 சட்டத் திருத்தம் அனுமதித்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிக் கற்கும் குழந்தைகளை மற்றவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும், அந்தக் கல்வியின் தரத்தைத் தணிக்கை செய்து வழிகாட்டுதல் உருவாக்க வேண்டும் என்கிறது.

இரண்டாவது வாசல், இடைநிற்றல். என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான படிப்புகளையும், 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளையும் நடத்துகிறது. ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களில் பலர் நம்பியிருப்பது இதைத்தான். ஆனா கல்விக் கொள்கை இதைப் பேசுவது, இடைநிற்றலைக் குறைப்பது பற்றிய அத்தியாயத்தில்.

நல்ல உடல்நிலையில் இருக்கும், படிப்பை விடாத, பெற்றோர் யோசித்து முடிவெடுத்து வீட்டில் கற்பிக்கும் குழந்தைக்கு மூன்றாவது வாசல் இல்லை.

டேட்டாவில் எங்கே இருக்கிறார்கள்?

எங்கேயும் இல்லை. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் 2023-24-ல் சுமார் 24.8 கோடி மாணவர்களைக் கணக்கில் காட்டியது. ஆனா அது பள்ளிகள் தரும் தகவல். பள்ளியில் பெயர் இல்லாத குழந்தை அந்தக் கோப்பில் ஒரு வரிசையாகக்கூட வராது.

சரி, வீடு வீடாக எடுக்கும் கணக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கல்வி நிறுவனத்துக்குப் போகாதவர்களுக்கு இரண்டே கட்டங்கள்: முன்பு போனவர், ஒருபோதும் போகாதவர். தினமும் வீட்டில் கணக்கும் அறிவியலும் படிக்கும் பத்து வயதுப் பிள்ளையும், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பத்து வயதுப் பிள்ளையும் அந்தப் படிவத்தில் ஒரே கட்டத்தில் விழலாம்.

அதனால்தான் 'இந்தியாவில் இத்தனை ஆயிரம் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள்' என்று யாராவது ஒரு எண் சொன்னால், எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். அரசு அப்படி எண்ணியதே இல்லை.

எண்ணாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

முதலில் அந்தக் குடும்பங்களுக்கு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற விதியை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனா உச்ச நீதிமன்றத்தில் அந்த விவகாரம் முடிய 2024 ஆனது. 2018-ல் பிளஸ் டூ முடித்த ஒருவர் எம்பிபிஎஸ்ஸே முடித்திருக்கக்கூடிய காலம் அது.

மாநிலங்கள் சில ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பினால் தனித்தேர்வராக நேரடியாக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பயனுள்ள வழிதான். ஆனா அதுவரையிலான ஆண்டுகளில் அந்தக் குழந்தை எங்கே, எப்படிப் படித்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

அடுத்து, இதைவிடப் பெரிய நஷ்டம், குரல் இல்லாத குழந்தைகளுக்கு. 2016 குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தைகள் உதவலாம் என்கிறது. பள்ளியே இல்லாத குழந்தைக்கு 'பள்ளி நேரத்துக்குப் பிறகு' என்பது எப்போது? 'வீட்டில் படிக்கிறாள்' என்ற ஒரு வாக்கியத்தை எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் சட்டம் ஏற்றுக்கொண்டால், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட சிறுமியும் அந்த வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்கப்படுவாள். கட்டாயப் பள்ளிச் சேர்க்கையை ஆதரிப்பவர்களின் பயம் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனா இப்போதிருக்கும் மௌனம் அந்தச் சிறுமியைக் காப்பாற்றவில்லை. நகரத்துப் பட்டதாரிப் பெற்றோரையும் அவள் வீட்டையும் ஒரே கட்டத்தில் போட்டு, இரண்டையும் பார்க்காமல் விட்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகக் கல்விக் கொள்கை சொன்ன அதே தணிக்கை, வழிகாட்டுதல் முறையை விரும்பி வீட்டில் கற்பிப்பவர்களுக்கும் நீட்டிக்கலாம். எளிய ஆண்டுப் பதிவு, குழந்தையை நேரில் சந்திக்கும் ஒரு அலுவலர், பள்ளிக்குத் திரும்ப எப்போதும் திறந்த கதவு. இந்தக் கடைசி ஏற்பாடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது: பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 4-வது பிரிவு.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. அதிலோ, அதன் பிறகு வரும் கல்விக் கணக்கெடுப்புகளிலோ 'வீட்டில் கற்கிறார்' என்று ஒரு கட்டம் சேர்ந்தால், அது யாருக்கும் சலுகை ஆகாது. அரசு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'பிள்ளை என்ன படிக்குது?' என்று கேட்பதற்கான முதல் காரணமாக இருக்கும்.