காணுமுன் கணிப்போம்

பட்டுத்தறியில் ஒரு புதுக்கரை ஏறுமுன், அது கட்டத்தாளில் பிறந்துவிடுகிறது. எந்த இழை எழ வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டமும் சொல்லும். அதன்படி அட்டையில் துளையிட்டு ஜக்கார்டில் கோப்பார்கள். இன்று தாளுக்குப் பதிலாகக் கணிப்பொறித் திரையும் வந்துவிட்டது. இன்றைய இயற்பியலிலும் இத்தகையதொரு துறை உண்டு. அணுக்களின் அடுக்கு ஒழுங்கைக் கொண்டே, இன்னும் ஆக்கப்படாத பொருளின் குணத்தை அது முன்கூட்டியே கூறுகிறது.

ஓரணுத் தடிமனே கொண்ட கரி ஏடாகிய கிராஃபீன் இதற்குச் சான்று. தேன்கூடு போன்ற அதன் அமைப்பை 1947-இல் வாலஸ் என்பார் தாளிலேயே கணக்கிட்டார். எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் பட்டையும் காலியான பட்டையும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்ளும் என விடை வந்தது. அது முழு உலோகமன்று, மின்காப்புப் பொருளுமன்று, அரை உலோகம்! 57 ஆண்டுகள் கழித்து, 2004-இல், கைமும் நோவோசெலோவும் சாதாரண ஒட்டு நாடாவால் அவ்வேட்டைப் பிரித்தெடுத்தனர். 2010-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அத்தொடுபுள்ளிகள் எளிதில் அழியாதவை. வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக் கற்சங்கிலியை எண்ணிப் பாருங்கள். வளையம் பெருத்தாலும் சிறுத்தாலும் பிணைப்பு போகாது, உடைத்தால்தான் போகும். இத்தகைய உறுதியை ஆராயும் கணிதமே இடத்தியல். படிகத்தின் சமச்சீர் காக்கும் வரை தொடுபுள்ளிகள் நிலைக்கும் பொருள்களை இடத்தியல் அரை உலோகங்கள் என்கிறோம்.

ஆயினும் கணிப்பே முடிவாகாது. எலக்ட்ரானின் தற்சுழற்சி விளைவையும் கணக்கில் சேர்த்தால், கிராஃபீனிலேயே பட்டைகளுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளி தோன்றும் என 2005-இல் கேனும் மீலும் காட்டினர். கணித்த ஏடு தனித்து நிலைக்குமா என்பதையும் ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் மேலைநாட்டார் வேலை என்று ஒதுங்குவோருக்கு ஒரு சொல். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட்டை ஆராய்ந்தார். ஏட்டின் வழியே மின்சாரம் எளிதாக ஓடுவதையும், குறுக்கே பெரிதும் தடைபடுவதையும் 1939-இலேயே அறிவித்தார்.

வாலஸ் கணக்கின் சாரம் இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட ஓர் அணி. அணியின் ஐகன் மதிப்பைக் கணித வகுப்பில் காண்கிறோம். ஆற்றல் பட்டையை இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம். இரண்டையும் இணைப்பார் யார்? இக்கணக்கை இளநிலை மூன்றாமாண்டு மாணவர் தம் கையாலேயே செய்து, வரைபடமும் தீட்டப் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு விலையுயர்ந்த கருவி எதற்கு? கல்லூரிக் கணிப்பொறியும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளும் போதும்.

தறிவீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவிக்குக் கட்டத்தாள் புதிதன்று. அதில் அணுக்களை அடுக்கவும் அவளுக்குக் கற்றுக் கொடுப்போம். நாளை அவள் கணிக்கும் பொருளை உலகம் தேடி ஆக்கட்டும்!