பொறுமை என்றால் வாய்மூடி இருப்பதா?

"ஸபர் செய்யுங்கள்" என்னும் சொல் நம் இல்லங்களில் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. தகப்பனார் விட்டுச் சென்ற சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்கும் சகோதரியிடம், அந்தப் பங்கைத் தம் கையில் வைத்திருக்கும் சகோதரரே அதைச் சொல்கிறார். வளைகுடா நாட்டில் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைக்கும் அதே சொல்தான் ஆறுதலாகச் செல்கிறது. அநீதி இழைத்தவரிடம் எவரும் ஸபரைப் பற்றிப் பேசக் காணோம், இழைக்கப்பட்டவரிடமே பேசுகிறார்கள். ஆகவே, பொறுமை என்றால் 'எல்லாம் என் நஸீபு' என்று கசந்து முடங்குவதே என்னும் எண்ணம் பலருடைய உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்களின் பொறுமை அத்தகையதன்று. ஹுதைபிய்யாவில் அன்று நின்றவர்களின் மனநிலையோடு அந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) துல்கஃதா மாதம். ஏறத்தாழ 1400 தோழர்கள் இஹ்ராம் பூண்டு, நாயகம் (ஸல்) அவர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டு வந்திருந்தனர். வழிப்பயணிகள் வைத்துக்கொள்ளும் உறையிட்ட வாளைத் தவிர வேறு படைக்கலம் இல்லை. குர்பானிக்குரிய ஒட்டகங்கள் அடையாளமிடப்பட்டு உடன் வந்தன. முஹாஜிர்களுக்கோ அது பிறந்த மண். ஆறு ஆண்டுகளாகக் கண்ணால் காணாத மண். புனித மாதங்களில் கஃபாவை நாடி வரும் எவரையும் தடுப்பது அரபியரின் வழக்கத்திலேயே இல்லை. இவர்களைத் தடுத்தார்கள்.

குறைஷியரின் தூதராக ஸுஹைல் இப்னு அம்ரு வந்தார். உடன்படிக்கையின் தலைப்பில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக் கூடாது என்றார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை; நாயகம் (ஸல்) அவர்களே அழித்தார்கள். இவ்வாண்டு திரும்பிப் போக வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம். மக்காவிலிருந்து தப்பி வருபவரை முஸ்லிம்கள் திருப்பி அனுப்ப வேண்டும். முஸ்லிம்களிடமிருந்து மக்காவுக்குச் செல்பவரைக் குறைஷியர் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒருதலைப்பட்சமான நிபந்தனை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மை உலருமுன்னரே சோதனை வந்தது. ஸுஹைலின் சொந்த மகனாகிய அபூ ஜந்தல் (ரலி), இஸ்லாத்தை ஏற்றதற்காகப் பூட்டப்பட்ட விலங்குகளுடன் தடுமாறி நடந்து வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. அல்லாஹ் விடுதலைக்கு வழி செய்வான், பொறுத்திருங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். ஆயினும் கொடுத்த வாக்கின்படி அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நாம் சத்தியத்தின் மீதிருக்க, இந்த இழிவை ஏன் ஏற்க வேண்டும் என்று நாயகத்திடமே நேரில் கேட்டுவிட்டார்கள். அன்று அப்படிப் பேசியதற்காகப் பின்னாளில் நோன்பும் தானதர்மமும் செய்து வந்தார்கள் என்பதும் வரலாறு. எனினும் அந்தக் கேள்விக்காக அவர்களை எவரும் முனாஃபிக் என்று சொல்லவில்லை. நெஞ்சு வலிப்பது ஈமானின் குறையன்று.

பிறகு நிகழ்ந்ததைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. எழுந்து குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் ஒருவரும் எழவில்லை. உயிரையும் தரத் துணிந்து சில நாட்களுக்கு முன் மரத்தடியில் பைஅத் செய்தவர்கள்தாம், துயரத்தால் செயலற்று அமர்ந்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்தினுள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள்.

உம்மு ஸலமா (ரலி) அநீதியைப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவர்களல்லர். ஹிஜ்ரத்தின்போது அவர்களுடைய உறவினரே அவர்களைத் தடுத்து நிறுத்தினர். கணவர் வீட்டார் கைக்குழந்தையைப் பறித்துக்கொண்டனர். கணவர் மட்டும் மதீனா சென்றார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் வெளியே வந்து அமர்ந்து அழுதவர்கள் அவர்கள். உஹதில் பட்ட காயத்தால் அந்தக் கணவரையும் பின்னர் இழந்தார்கள். அத்தகையவர்கள் தோழர்களைக் கண்டித்துப் பேசச் சொல்லவில்லை. பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவும் சொல்லவில்லை. எவரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று, தங்கள் ஒட்டகத்தை அறுத்து, தங்கள் முடியைக் களையுங்கள் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்தார்கள். கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்துவிட்டனர். ஒருவர் தலையை ஒருவர் மழித்த பரபரப்பில் காயம்பட்டுவிடுமோ என்னும் அளவுக்கு நெருக்கம் ஏற்பட்டது. (வீட்டுப் பெண்களின் யோசனை எதற்கு உதவும் என்று கேட்கும் ஆடவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிப்பது நல்லது.)

நிபந்தனை மாறவில்லை, கஃபாவின் பாதையும் திறக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது, அதைச் செய்தார்கள். திரும்பும் வழியில் ஃபத்ஹு அத்தியாயம் அருளப்பட்டு, தோல்வியாகத் தோன்றியதை அல்லாஹ் வெற்றியென அறிவித்தான். போர் ஓய்ந்ததால் மக்கள் அச்சமின்றிக் கலந்து பழகினர். காலித் இப்னு வலீத், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) போன்றோர் இஸ்லாத்திற்கு வந்தனர். ஹுதைபிய்யாவில் 1400 பேராக நின்றவர்கள், ஹிஜ்ரி 8இல் மக்காவுக்குள் நுழைந்தபோது சுமார் 10,000 பேர்.

இதற்கிடையில் மக்காவிலிருந்து உம்மு குல்தூம் (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்கள். உடன்பிறந்தார் இருவர் பின்தொடர்ந்து வந்து திருப்பிக் கேட்டனர். ஈமான் கொண்டு வரும் பெண்களைத் திருப்பி அனுப்பலாகாது என மும்தஹினா அத்தியாயத்தில் இறைக்கட்டளை வந்தது, அவர்கள் அனுப்பப்படவில்லை. உடன்படிக்கையை மதித்த அதே சமுதாயம்தான் உரிமையையும் காத்தது. ஆகவே, பங்கைக் கேட்டு ஜமாஅத்தையோ நீதிமன்றத்தையோ நாடும் சகோதரியைப் பொறுமையற்றவர் என்று பேசுவோருக்கு ஹுதைபிய்யாவில் ஆதாரம் கிடையாது. உள்ளத்தில் பகையை வளர்க்காமல், தொழுகையையும் பிள்ளைகளின் படிப்பையும் கைவிடாமல் உரிமையைக் கேட்பதும் ஸபருக்குள் அடங்கியதே.

அந்த ஒருதலை நிபந்தனை என்னவாயிற்று? அபூ பஸீர் (ரலி) என்பவரும் தப்பி வந்து, ஒப்படைக்கப்பட்டு, வழியில் காவலர் ஒருவரைக் கொன்று விடுபட்டுக் கடற்கரைப் பகுதியில் தங்கினார். மக்காவிலிருந்து தப்பியவர்கள் ஒவ்வொருவராக அங்கே சேர்ந்தனர். அபூ ஜந்தலும் சேர்ந்தார். குறைஷியரின் வணிகக் கூட்டங்கள் அவ்வழியே செல்ல இயலாமற் போயின. முடிவில், அந்த நிபந்தனையை வற்புறுத்திய குறைஷியரே ஆளனுப்பி, இவர்களை மதீனாவுக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அபூ ஜந்தல் (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்.