குற்றமற்றவருக்கு மட்டுமா நீதி?

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் அருகே கோயில் காவலாளி ஒருவர், நகை காணாமல்போன புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு சிபிஐ வசம் சென்றது. தமிழகம் கொதித்த அந்த நாள்களில், பேருந்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது: 'திருடாதவனைப் போய் அடித்துக் கொன்றுவிட்டார்களே!'

அனுதாபத்தில் பிறந்த வாக்கியம்தான் அது. ஆனாலும் அது என்னை உறுத்தியது. அவர் ஒருவேளை திருடியிருந்தால்? அப்போது நம் கோபம் இவ்வளவு இருந்திருக்குமா? இந்தக் கேள்வி, நான் பெரிதும் மதிக்கும் சில திரைப்படங்களை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டியது.

காவல் நிலைய வன்முறையைத் தமிழ் சினிமாவைப்போலத் துணிந்து பேசிய மொழிப்படங்கள் இந்தியாவில் குறைவு என்பது என் எண்ணம். வெற்றிமாறனின் 'விசாரணை', 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, தேசிய விருதுகள் பெற்று, ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான மு.சந்திரகுமார், குண்டூர் காவல் நிலையத்தில் தாம் பட்ட துன்பத்தை எழுதிய 'லாக்கப்' நாவலே அதற்கு அடிப்படை. த.செ.ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021), கடலூர் மாவட்டத்தில் 1993-இல் நிகழ்ந்த ஒரு காவல் மரணத்தையும், அதற்காக வழக்குரைஞர் கே.சந்துரு நடத்திய சட்டப் போராட்டத்தையும் தழுவியது.

இவற்றைப் பார்த்துக் கலங்கிய அதே கண்கள்தான் 'சாமி'யையும் 'சிங்க'த்தையும் பார்த்தன. நானும் அப்படித்தான். 2003-இல் 'சாமி'யின் நாயகன் ரௌடிகளைப் புரட்டி எடுத்தபோது, முதல் வகுப்பில் அமர்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு 'காக்க காக்க'வில் குற்றவாளிகளைச் சுட்டுத் தள்ளும் அதிகாரியாக வந்த சூர்யாதான், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் 'ஜெய் பீம்' வழக்குரைஞராகக் காவலர்களைக் கூண்டில் ஏற்றினார். நடிகருக்கு இரண்டும் வேடங்கள். ரசிகனாகிய எனக்கு?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் துறையின் பிடியில் சிக்கி மாண்டபோது, 'சாமி', 'சிங்கம்' வரிசைப் படங்களின் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அதில் கூறியிருந்தார். அத்தகைய மனசாட்சி அரிது. ஆனால், அந்தப் படங்களை வெற்றிபெறச் செய்த நாம் எவரும் அப்படியோர் அறிக்கையை நம் மனத்துக்குள்கூட எழுதிக்கொள்ளவில்லை.

நாயக போலீஸ் படங்களையும் கண்ணீர்ப் படங்களையும் ஒரே மனம் எப்படி ஏற்கிறது? அடிவாங்குபவர் யார் என்பதில் விடை இருக்கிறது. முதல் வகைப் படங்களில் அடிபடுபவர் குற்றவாளி என்பது நமக்கு முன்பே தெரியும். இரண்டாம் வகையில் அவர் நிரபராதி என்பதும் முன்பே தெரியும். இரண்டிலும் தீர்ப்பைக் கதாசிரியர் எழுதி நம் கையில் தந்துவிடுகிறார். நிஜக் காவல் நிலையத்தில் அப்படி யாரும் தருவதில்லை. அங்கு அடி விழும் நேரத்தில், அடிபடுபவர் திருடியவரா, இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. தெரியாததால்தானே விசாரணை!

'ஜெய் பீம்' படத்திலேயே இதற்குச் சான்று உண்டு. காவல் வன்முறையை விசாரிக்க வரும் நேர்மையான உயரதிகாரியாகப் பிரகாஷ்ராஜ் நடித்திருப்பார். விசாரணையின்போது ஹிந்தியில் பதிலளிக்கும் ஒருவரை அவர் அறைந்து, தமிழில் பேசச் சொல்வார். படம் வெளியானபோது இக்காட்சி மொழிச் சர்ச்சையாகவே விவாதிக்கப்பட்டது. எனக்கோ வேறொன்று வியப்பளித்தது. காவலர்கள் அடிக்கக் கூடாது என்று சொல்ல எடுக்கப்பட்ட படத்தில், ஒரு நல்ல காவலர் அடிக்கிறார். நாமும் புன்னகையோடு கடந்து செல்கிறோம். அந்தப் படத்தின் பெருமையை இது குறைத்துவிடாது. ஆனால், நல்லவர் அடித்தால் தவறில்லை என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை இந்த ஓர் அறை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஞானவேல் அடுத்து இயக்கிய 'வேட்டையன்' (2024), என்கவுன்ட்டரையே கேள்விக்கு உள்படுத்திய படம். ரஜினிகாந்த்தை வைத்து அப்படியொரு கதையைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அதிலும் நாயகனின் மனத்தை உலுக்குவது, தாம் சுட்டது நிரபராதியை என்ற உண்மைதான். அவர் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்திருந்தால் கதை அங்கேயே கைதட்டலோடு முடிந்திருக்கும்.

இது திரைக்கு வெளியிலும் நடந்தது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் கைதான நால்வரை போலீஸார் சுட்டுக் கொன்றபோது, மக்கள் காவலர்கள்மீது மலர் தூவினர். போலீஸார் வேண்டுமென்றே சுட்டனர் என்று உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானபோது, தூவிய மலர்களைத் திரும்பப் பெற முடியவில்லை.

இந்த வகையில் 'விசாரணை' ஒரு படி மேலானது என்பேன். அதன் முற்பாதி நிரபராதிகளின் கதை. பிற்பாதியில் பிடித்துவரப்படும் தணிக்கையாளர் கே.கே. அப்பாவி அல்லர், அரசியல்வாதிகளின் கறுப்புப் பணக் கணக்குகளை அறிந்தவர். ஆயினும் அவர் மீதான சித்திரவதையை வெற்றிமாறன் அதே வலியோடு காட்டுகிறார். நம்மால் கைதட்ட முடிவதில்லை. மனசாட்சியுள்ள அதிகாரியாக வரும் சமுத்திரக்கனியாலும் யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நல்ல அதிகாரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலையும் அப்படம் நமக்குத் தர மறுக்கிறது. அதனால்தான் அது நெடுநாள் உறுத்துகிறது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டமே 1872-இல் விதித்தது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கைதின்போது பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் வகுத்தது. காவல் நிலையங்களில் கண்காணிப்பு கேமராக்கள் பொருத்த 2020-இல் ஆணையிட்டது. இவற்றில் எதுவும் 'நிரபராதிகளுக்கு மட்டும்' என்று சொல்லவில்லை.

ஆனால், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகவில்லை. ஏற்புறுதி செய்யுமாறு சட்ட ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தும் பயனில்லை. இதற்காக எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சியும் வாக்கு இழந்ததாகத் தெரியவில்லை. நம் கோபம் ஒரு நிரபராதியின் மரணத்தில் பற்றி எரிந்து, அடுத்த மரணம் வரை அணைந்து கிடக்கிறது.

திரைப்படத்தால் சட்டம் இயற்ற முடியாது. ஆனால், எதை இயல்பாகக் கருதுகிறோம் என்பதை அது பழக்கிவிடும். காவல் நிலையக் காட்சிகளில் கைதட்டப் பழகிய நாம், கைதட்டாமல் இருக்கவும் பழகலாம். அடிவாங்குபவர் திருடினாரா என்று கேட்பதற்கு முன், அடிப்பவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது யார் என்று கேட்கத் தொடங்கலாம்.

அந்தக் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டேன். 2003-இல் அந்தத் திரையரங்கில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.